இடது கட்டைவிரல்

தலைமை எழுத்தர் பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். நகரசபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் கதவு ஒன்று கழன்று தொங்கும் அந்த அறையில், நாங்கள் பதினோரு பெண்கள் ஒரு நீளப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மேசைமேல் எங்கள் மனு இருந்தது. பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று இந்த ஊர்ப் பெண்கள் இரண்டாயிரம் பேர் எழுதிக் கொடுத்தால் சபை அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எங்களிடம் இரண்டாயிரத்துப் பதினோரு பேர் இருந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்து, தெரியாதவர்களுக்குப் பெயரை நாங்கள் எழுதிப் பக்கத்தில் அவர்களுடைய இடது கட்டைவிரல். இரண்டு வருஷம் வெயிலிலும் மழையிலும் படியேறி இறங்கிச் சேர்த்தது. அவர் காலை ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்து மீன் கூடத்துப் பெண்களின் தாள் வந்ததும் கை நின்றுவிட்டது.

"ஏம்மா, இதுல நாப்பத்து மூணு பேர் இருக்காங்க. கட்டைவிரல் மட்டும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றார். கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தினார். "குறுக்கால ஒரு தழும்பு ஓடுது பாருங்க. நாப்பத்து மூணு பேருக்கும் ஒரே எடத்துலயா சுட்டுக்குச்சு?"

வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். கோப்பு தூக்கும் ஆள், "ஒரு ஓட்டு கேட்டாலாவது குடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கலாம். இந்தம்மாவுக்கு நாப்பத்து மூணு வேணுமாம்ல!" என்றான். அதற்கு இன்னொரு சிரிப்பு. நான் இடது கையை மெல்ல மடிக்குள் இழுத்து, வலது கையால் மூடிக்கொண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருத்துவச்சி, எனக்கு ஏதோ குளிர்கிறது என்று நினைத்து என்னை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

டீச்சர் எழுந்து நின்றார். எங்கள் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர்தான். இந்த வேலையில் இறங்கியதற்காகப் பள்ளிக்கூடத்தில் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். குரல் கொஞ்சம்கூட நடுங்காமல் சொன்னார்: "ஐயா, எங்க ஆளுங்க அப்படிச் செய்யறவங்க இல்லை. ஒவ்வொரு வாசலுக்கும் போய், கேட்டு வாங்கினது. இந்தப் பதினோரு பேருக்கும் நான் பொறுப்பு."

நான் அப்போதே எழுந்து நின்றிருக்க வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. எழுந்து நிற்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சட்டைக் காலரை இஸ்திரி போடும் நேரம்கூட ஆகாது. நான் தரையில் ஊர்ந்த ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைமை எழுத்தர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சிரித்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கு உங்க மேல பகை எதுவும் இல்லம்மா. என் சம்சாரமே உங்க மனுவுல இருக்கா. ஆனா இதை நான் விட்டா மேல ஒருத்தன் பிடிப்பான். பிடிச்சா ஒரு தாளோட விடமாட்டான், மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடுவான்" என்றார். தாளை உருவி டீச்சரிடம் நீட்டினார். "நாப்பத்து மூணு போனா முப்பத்திரண்டு பேர் குறையுது. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பதிவேட்டை மூடறேன். அதுக்குள்ள கொண்டாங்க. இல்லைன்னா அடுத்த சபை வரணும். நாலு வருஷம்."

படி இறங்கும்போது டீச்சர் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "அந்த மீன் கூடத்துல யாரோ ஒருத்தி எல்லாருக்கும் சேத்து வெச்சிருக்கா. பாவம், விவரம் தெரியாதவங்க. நீ தாளைக் குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பியிருப்பே, அதுக்குள்ள செஞ்சிருப்பாங்க" என்று என் தோளில் கை வைத்தார். மற்றவர்களைத் தெரிந்த வீடுகளுக்கு அனுப்பினார். எங்கள் ஊரில் கேட்காத வாசல் அநேகமாக இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் போனார்கள். என்னிடம், "நீதான் அங்க போனவ. என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார். நான் தலையை ஆட்டினேன். அங்கே போகும் வழி எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் சலவைக் கடை துறைமுகத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. வாரா வாரம் மீன் கூடத்திலிருந்து இரண்டு சாக்கு மேலங்கி வரும். வெள்ளைத் துணி, முழங்கால் வரை நீளம், முன்பக்கம் நாலு பொத்தான். சுகாதார அதிகாரி வருவார் என்று அவற்றைத் துவைத்து இஸ்திரியும் போட்டுத் திங்கட்கிழமை காலையில் அனுப்ப வேண்டும். யாருடைய அங்கி யாருக்கு என்று குழம்பாமல் இருக்கக் கழுத்துப் பட்டியின் உள்பக்கம் கறுப்பு மையில் பெயர் எழுதியிருக்கும். என்ன சோடா போட்டாலும் போகாத மை. மனுத் தாள்களைப் பங்கு பிரித்தபோது டீச்சர் மீன் கூடத்தை எனக்குக் கொடுத்தார், பக்கத்தில் இருக்கிறாயே என்று. நான் சரி என்றேன். இரண்டு தடவை கால்வாய்ப் பாலம் வரைக்கும் போனேன். காற்று திரும்பி அந்த வாடை முகத்தில் அடித்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

வாடையைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். உண்மை அதுவல்ல. நான் பிறந்ததே கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில்தான். என் அம்மா அங்கே மீனுக்கு உப்புப் போட்டவள். அம்மா போன பிறகு அக்கா அவள் இடத்தில் நின்றாள். நான் மட்டும் பதினாறு வயதில் சலவைக் கடைக்கு வந்து, சோப்பும் கஞ்சியும் என் மேல் மணக்கிற வரைக்கும் தேய்த்துக் குளித்து, எழுதப் படிக்கக் கற்று, தபால் பிரிக்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கும் சங்கத்துப் பெண்களுக்கும் என் அம்மா தையல்காரி. அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அக்காவைக் கடைசியாகப் பார்த்தது என் கல்யாணத்துக்கு முன். "கல்யாணத்துக்கு வராதே" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. தேதியைச் சொல்லாமல் விட்டேன். அவளுக்குப் புரிந்தது.

தாள் காலியாகவே இருந்தது. மற்றவர்கள் தாளை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்துப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடையின் பின்கட்டில் துணி உலர்த்தும் இடத்தில், சாக்கை அவிழ்த்து அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்துப் பெயர்களை எழுதினேன். நாற்பத்து மூன்று அங்கிகள், நாற்பத்து மூன்று பெயர்கள். கேட்டால் எப்படியும் சம்மதிப்பார்கள், எந்தப் பெண் வேண்டாம் என்பாள், அவர்களுக்காகத்தானே செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டேன். முதல் நாலைந்துக்குக் கை கூசியது. பத்தைத் தாண்டியதும் இஸ்திரி போடுவதுபோல் வேலை தானாக ஓடியது. திருட்டிலும் எனக்கு ஒழுங்கு வேண்டும். இடது கட்டைவிரல்தான் வைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லித் தந்திருந்தார், எனவே இடது கட்டைவிரலையே நாற்பத்து மூன்று தடவையும் வைத்தேன். வலது கை இஸ்திரிப் பெட்டியைத் தள்ளும்போது இடது கைதான் துணியைப் பிடிக்கும். அதனால் இஸ்திரிக்காரிகள் சுட்டுக்கொள்வதெல்லாம் இடது கையில்தான். என் கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அது தாளிலும் கோடாக விழும் என்று தோன்றவே இல்லை. அக்காவின் பெயர் எந்த அங்கியிலும் இல்லை. வேலையை விட்டுவிட்டாள் போல என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி ஒன்றரை. நீளமான தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் மேசைகள், நடுவில் தண்ணீர் ஓடும் வாய்க்கால், மூலையில் என் உயரத்துக்கு உப்பு. சாப்பாட்டு நேரம் என்பதால் பெண்கள் கவிழ்த்துப்போட்ட பெட்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் நான் இஸ்திரி போட்ட அங்கியைப் போட்டிருந்தார்கள். டீச்சர் மூக்கைச் சுளிக்கவில்லை. ஈரத் தரையில் நேராக நடந்து நடுவில் போய் நின்றார். நான் கதவை ஒட்டியே நின்றேன். எதிர்வரிசையின் கடைசிப் பெட்டியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். பிறகு, "உங்க மேல கோபம் இல்லம்மா. தெரியாம ஒருத்தரே எல்லாருக்கும் சேத்து வெச்சிட்டீங்க. இப்ப ஆளாளுக்கு வெச்சுக் குடுத்தா போதும்" என்றார்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அங்கே யாருக்கு என்ன என்றாலும் அவளைத்தான் பார்ப்பார்கள் என்பது அந்த ஒரு கணத்திலேயே தெரிந்தது. அவள் எழுந்து வந்து கையை அங்கியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. எப்போது கற்றாளோ.

"எங்ககிட்ட யாரும் தாள் கொண்டாரலையே டீச்சர்" என்றாள். விரலை ஒரு பெயரில் வைத்தாள். "இவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இவ அங்கியைத்தான் நான் போட்டிருக்கேன்." கழுத்துப் பட்டியைத் திருப்பிக் காட்டினாள். "இங்க ஆள் மாறும், அங்கி மாறாது. மை போகாதுன்னு அப்படியே குடுத்துடுவாங்க. இதுல பாதிப் பேர் இப்ப இங்க இல்லை." பிறகு டீச்சர் கையிலிருந்த மைப்பெட்டியில் தன் கட்டைவிரலை அழுத்தி, தாளின் ஓரத்தில் வைத்து எடுத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. உள்ளே ஒரு ரேகைகூட இல்லை. "எங்க விரல் இதுதான். உப்பு தின்னுடுச்சு. இத்தனை ரேகையோட இங்க ஒருத்தியும் கிடையாது."

எனக்கு அது தெரியும். தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? சின்ன வயதில் அம்மாவின் கட்டைவிரலைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். வழுவழு என்று கூழாங்கல் மாதிரி இருக்கும். அதை மறந்துதான் நாற்பத்து மூன்று தடவை என் ரேகையை அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பதித்திருக்கிறேன்.

டீச்சர் குழம்பிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். இந்தத் தடவை அவள் பார்வை நேராக என் இடது கைக்குப் போனது. போய் அங்கேயே ஒரு நொடி நின்றது. பிறகு அவள் தாளை மடித்து டீச்சரிடம் கொடுத்துவிட்டு, "விடுங்க. வெச்சது எங்கள்ல யாரோதான்னு வெச்சுக்குங்க. எங்களுக்கு இதெல்லாம் புதுசா, பழி கேட்டுப் பழகினவங்கதானே" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என்னைக் காப்பாற்றப் பார்த்தாளே, அதைத் தாங்க முடியவில்லை.

"நான்தான் வெச்சேன்" என்றேன். கொட்டகையில் தண்ணீர் ஓடும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கதவை விட்டு முன்னால் வந்து மறுபடி சொன்னேன். "டீச்சர், நான்தான். இங்க நான் வரவே இல்லை. அங்கியைப் பாத்துப் பேர் எழுதிட்டு, எல்லாத்துக்கும் நானே வெச்சேன்." இடது கையை நீட்டிக் காட்டினேன். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன்.

டீச்சர் பக்கத்திலிருந்த பெட்டியில் உட்கார்ந்தார். ஈரம் துணியில் ஏறியதை அவர் கவனிக்கவில்லை. "நான் பொறுப்புன்னு சொன்னேனே" என்றார். அவ்வளவுதான். வேலை போன அன்றுகூட அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்பார்கள். அங்கே உப்பும் தண்ணீரும்தான் இருந்தன, நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அக்கா என் எதிரில் வந்து நின்றாள். "எங்க வீட்டு ஆளு என்ன சொல்றாரு தெரியுமா? உனக்கு எதுக்கு ஓட்டு, உனக்கும் சேத்து நானே போடுறேன்கறாரு. நீயும் அதைத்தானே செஞ்சிருக்கே?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே விசாரிப்பதுபோல் கேட்டாள். என் வீட்டுக்காரரும் அதே வார்த்தைகளைத்தான் சொல்வார். அவரிடம் நான் விடிய விடியச் சண்டை போட்டிருக்கிறேன்.

"ஏன் வரலை?" என்றாள்.

நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "வெக்கமா இருந்துச்சு."

"எங்களைப் பாத்தா?"

நான் தலையசைத்தேன். சுற்றிலும் அத்தனை பெண்கள், டீச்சர், எல்லாருக்கும் முன்னால். யாரோ ஒருத்தி "அடிப் பாவி" என்று மெதுவாகச் சொன்னாள். இன்னொருத்தி சோற்றுப் பாத்திரத்தை ணங் என்று மூடினாள். அக்கா தன் அங்கியின் இரண்டாவது பொத்தானைப் பிடித்துக் காட்டினாள். "போன மாசம் இது அறுந்துபோச்சு, அப்படியே சலவைக்குப் போட்டேன். திங்கக்கிழமை பாத்தா தைச்சிருந்துச்சு. உள்ளே பாத்தேன், அம்மா போடுற ரெட்டை முடிச்சு. நீ இன்னும் அந்தச் சலவைக் கடையிலதான் இருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். ஒரு மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்நூறு அடி தூரம். வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால். டீச்சர் எழுந்து, கைப்பையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். எழுதுகோலை எடுத்தேன். அக்கா நகரவில்லை.

"இப்படியா? கேளு. வாசல்ல வந்து நின்னு கேப்பீங்களே, அப்படிக் கேளு."

இரண்டு வருஷமாக நானூறு வாசலில் சொன்ன வாசகம் அது. துணிக்கடைக்காரர் மனைவியிடம், வக்கீல் வீட்டு அம்மாவிடம், தடங்கலில்லாமல் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு "வணக்கம்" என்று ஆரம்பித்தேன், சரியாக வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். "அக்கா," என்றேன். டீச்சர் சட்டென்று திரும்பினார். அவருக்கு நான் தையல்காரி மகள். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்றும் சொல்லி வைத்திருந்தேன். "அக்கா, நமக்கும் ஓட்டு வேணும்னு கேக்கறோம். உனக்கு இஷ்டம் இருந்தா உன் பேரை எழுதிக்கலாமா?"

"குடு, நானே எழுதறேன்" என்றாள். பெட்டியின் மேல் தாளை வைத்து, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். அங்கியில் இருக்கும் பெயர் இல்லை, அவள் பெயர். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். பிறகு நான் ஒவ்வொரு பெட்டியாகப் போனேன். ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து கேட்டேன். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். "இவ கையில போட மாட்டேன்" என்றாள் ஒருத்தி. போடவும் இல்லை. ஒரு கிழவி, "என் பேரைச் சரியா எழுது, பத்து வருஷமா வேற எவ பேர்லயோ திரியறேன்" என்றாள். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து மேற்பார்வையாளர் மணியடித்த பிறகும் மேசை மேசையாகப் போய்க் கேட்டேன்; நாலு மணிக்கு முப்பத்து நாலு ஆகியிருந்தது. அதில் ஐந்து கையெழுத்து. மற்றதெல்லாம் கறுப்பு வட்டங்கள்.

தாளின் அடியில், இந்தப் பெயர்களைக் கேட்டு வாங்கியவர் என்று ஓர் இடம் உண்டு. அதில் கையெழுத்துப் போடப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் கை என் மேல் பட்டது. உப்பால் வெடித்திருந்தது.

"எழுதாதே. விரலை வை" என்றாள். "அந்த ஆளு பாக்கட்டும்."

நான் என் பெயரை எழுதி, பக்கத்தில் இடது கட்டைவிரலை அழுத்தினேன்.

நகரசபை அறைக்கு நாங்கள் போனபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மற்றவர்கள் வெறுங்கையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவச்சி எனக்காக இடம் விட்டு நகர்ந்தாள். நான் உட்காரவில்லை, மேசைக்கு முன்னாலேயே நின்றேன். என் மேல் மீன் வாடை அடித்தது, எல்லாரும் உணர்ந்திருப்பார்கள். கோப்பு தூக்கும் ஆள் கதவோரம் வந்து சாய்ந்துகொண்டான். டீச்சர் தாளை வைத்தார். தலைமை எழுத்தர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, முதல் வரியில் அக்காவின் பெயரை வாசித்தார். அடுத்த வரியில் ஒரு கறுப்பு வட்டம். கண்ணாடியை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். நெற்றியைச் சுருக்கினார். ரேகை இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவர் நிமிர்ந்து எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். கண்ணாடி ஒவ்வொரு வட்டத்தின் மேலும் நின்று நின்று கீழே இறங்கியது, தாளின் அடியில் என் பெயர் இருக்கும் இடத்தை நோக்கி. நான் இடது கையை எடுத்து, உள்பக்கம் மேலே தெரியும்படி மேசைமேல் வைத்தேன்.